குழந்தைகளின் உயரமும் பள்ளிக்கூட உணவும்

ஒரு குழந்தை தன் வயதுக்குரிய உயரத்தை எட்டியிருக்கிறதா என்பதை ஒருமுறை அளந்து அறிந்துவிடலாம். ஆனால் அக்குறை எப்பொழுது நேர்ந்தது, பின்னர் அது தணிந்ததா, மிகுந்ததா என்பவற்றை அவ்வாறு அறிய இயலாது. ஒரே குழந்தையைப் பல ஆண்டுகள் கடந்தும் தேடிச் சென்று மீண்டும் மீண்டும் அளந்தாலன்றி இவ்வினாக்களுக்கு விடை கிடையாது. ஆந்திரப் பிரதேசத்தில் 2002ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஓர் ஆராய்ச்சி இத்தகையது. ‘யங் லைவ்ஸ்’ என்னும் பெயர் கொண்ட இம்முயற்சி ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் தலைமையில் இந்தியா, எதியோப்பியா, பெரு, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளில் ஏறத்தாழ 12,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வந்துள்ளது. இந்தியப் பகுதியில் பங்குகொண்ட நிறுவனங்களுள் ஹைதராபாத்திலுள்ள பொருளாதார, சமூக ஆராய்ச்சி மையம் ஒன்று. திருப்பதியில் 1983இல் நிறுவப்பெற்ற ஸ்ரீ பத்மாவதி மகளிர் சர்வகலாசாலை மற்றொன்று.

அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மூன்று பகுதிகளிலிருந்தும் இரண்டிரண்டு ஜில்லாக்களும், அவற்றோடு ஹைதராபாத் நகரமும் தெரிந்தெடுக்கப்பட்டன. 2001, 2002ஆம் ஆண்டுகளில் பிறந்த சுமார் 2,000 குழந்தைகளும், அப்பொழுது எட்டு வயதை ஒட்டியிருந்த சுமார் 1,000 சிறுவர் சிறுமியரும் பதிவு செய்யப்பட்டனர். பின்னர் 2006, 2009, 2013, 2016ஆம் ஆண்டுகளை ஒட்டி அதே குடும்பங்களுக்கு ஆய்வாளர்கள் மீண்டும் சென்றனர். பிழைப்பு நாடிப் பெற்றோர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தபோதும், பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோரைக் கண்டுபிடித்துவிட்டனர். இவ்வாராய்ச்சியின் மதிப்பில் பெரும்பகுதி இந்த அலைச்சலில்தான் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

சித்தூர் ஜில்லா இதன் களங்களுள் ஒன்று அன்று. ராயலசீமையிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டவை கடப்பையும் அனந்தப்பூருமே. எனினும் மழையை நம்பிய நிலக்கடலைச் சாகுபடியும், மழை பொய்த்தால் வீட்டில் உணவு குறைவதும் சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கும் புதியவை அல்ல. 2022இல் தனி ஜில்லாவான திருப்பதியின் மேற்குப் பகுதிக்கும் இது பொருந்தும். எனவே அண்டை ஜில்லாக்களில் கண்ட முடிவுகள் இங்குள்ள ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

அம்முடிவுகளுள் முதன்மையானது பள்ளி மதிய உணவைப் பற்றியது. சென்னை ராஜ்யத்தில் மதிய உணவுத் திட்டம் 1956இல் தொடங்கியபோது, அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே சித்தூர் ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டிருந்தது. சமைத்த உணவையே பள்ளியில் அளிக்க வேண்டும் என்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையை அடுத்து, 2003 ஜனவரியில்தான் ஆந்திரப் பிரதேசத்தின் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளில் அடுப்பு மூட்டப்பட்டது. ஆராய்ச்சியின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட காலம் அது. அதே இடைக்காலத்தில் பல குடும்பங்கள் வறட்சியால் தாக்குண்டன. குழந்தைகளோ மிகச் சிறியவர்கள். உடல் விரைந்து வளர வேண்டிய பருவத்தினர்.

அபிஜித் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டெஃபான் டெர்கான் ஆகிய மூவரும் இவ்விரண்டு செய்திகளையும் ஒன்று சேர்த்து ஆராய்ந்தனர். இரண்டாம் வருகையின்போது குழந்தைகளுக்கு ஐந்து வயதளவு. சிலர் பள்ளியில் சேர்ந்து மதிய உணவு பெற்றனர், சிலர் இன்னும் சேரவில்லை. இவ்விரு சாராரையும் நேராக ஒப்பிட்டுவிட முடியாது. பிள்ளையைச் சர்க்கார் பள்ளிக்கு அனுப்பும் குடும்பமும் அனுப்பாத குடும்பமும் வேறு பல வகைகளிலும் வேறுபடக்கூடும் அன்றோ? வயது ஏறும்போது பள்ளியில் சேரும் வாய்ப்பு ஒரே சீராக உயராமல், ஒரு கட்டத்தில் சட்டென்று கூடுகிறது. இந்த இயல்பைத் துணையாகக் கொண்டு அவர்கள் உணவின் பயனை மட்டும் பிரித்தறிய முயன்றனர். 2014இல் வெளியான அவர்களது கட்டுரை, வறட்சிக்கு ஆளான குடும்பத்துக் குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் பள்ளி உணவால் பெரும் முன்னேற்றம் விளைந்தது என்றும், வறட்சியால் நேர்ந்த பின்னடைவை அது ஈடு செய்தது என்றும் காட்டுகிறது.

ஒரு வேளைச் சோறும் பருப்பும் இவ்வளவு செய்யுமா என்று ஐயுறுவோர் உண்டு. வறட்சிக் காலத்தில் வீட்டுப் பானையின் நிலையை அறிந்த ஆசிரியர் ஐயுறமாட்டார்.

முதல் இரண்டு வயதுக்குள் குன்றிய வளர்ச்சி பின்னர் மீளாது என்னும் கருத்து நெடுங்காலமாக வலுவாக இருந்து வந்தது. கருவுற்ற நாள் முதல் இரண்டாம் பிறந்தநாள் வரையுள்ள காலமே மிக முக்கியமானது என்பதில் இன்றும் மாற்றமில்லை. ஆயினும் இந்நான்கு நாடுகளின் அளவைகளைப் பார்க்கும்போது, ஒரு வயதில் குன்றியிருந்த குழந்தைகளில் பலர் பிற்பாடு அவ்வகுப்பிலிருந்து வெளியேறியதும், முன்பு சரியாயிருந்த சிலர் அதற்குள் விழுந்ததும் தெரிகின்றன. ஒரு வயது உயரத்தைக் கொண்டு எதிர்பார்க்கத்தக்க அளவினும் மிகுதியாக எட்டு வயதிற்குள் வளர்ந்தவர்கள், வாசிப்பு, கணக்கு, சொல்லறிவு ஆகிய சோதனைகளிலும் மேம்பட்டிருந்தனர். உயரம்தான் அறிவைத் தந்தது என்பது இதன் பொருளன்று. இரண்டையும் வளர்க்கும் காரணங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்திருக்கக்கூடும்.

‘மீட்சி’ என்னும் சொல்லை மட்டும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஓராண்டு நிறைந்த ஆண் குழந்தையின் நடுத்தர நீளம் 75.7 சென்டிமீட்டர், 71.0க்குக் கீழ் இருப்பின் வளர்ச்சி குன்றியதாகக் கொள்ளப்படும். ஐந்து வயதில் இவ்வெண்கள் முறையே 110.0, 100.7 ஆகும். உதாரணமாக, ஒரு வயதில் 70.5 சென்டிமீட்டர் இருந்த சிறுவன் ஐந்து வயதில் 101.5 சென்டிமீட்டர் இருப்பதாகக் கொள்வோம். பதிவேட்டின்படி அவன் மீண்டுவிட்டான். ஆனால் நடுத்தர அளவினும் முன்பு 5.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தவன் இப்பொழுது 8.5 சென்டிமீட்டர் குறைந்து நிற்கிறான். எல்லைக் கோட்டைத் தாண்டியதை மட்டும் எழுதி வைப்பவர் இதைக் காணமாட்டார். அளவு நாடாவில் கண்ட எண்ணையும் உடன் குறித்து வைப்பவரே காண்பார்.

உணவு ஒன்றையே காரணமாகக் கூறுவதும் முழு உண்மை ஆகாது. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில், கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியினர் 2010 முதல் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து ஆராய்ந்தனர். ‘மால்-எட்’ எனப்படும் அந்த ஆராய்ச்சி எட்டு நாடுகளில் ஒரே முறையில் நடைபெற்றது. வாரம் இருமுறை வீடு சென்று விசாரித்ததோடு, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இல்லாத நாட்களிலும் மலத்தைச் சோதித்தனர். ஷிகெல்லா போன்ற கிருமிகள், வயிற்றுப்போக்கை உண்டாக்காமலே குடலில் தங்கியிருந்து வளர்ச்சியைக் குறைக்கின்றன என்பதற்கு எட்டு இடங்களின் அளவைகளையும் சேர்த்துப் பார்த்ததில் சான்று கிடைத்தது. தாய் ‘நோய் ஏதும் இல்லை’ என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். குழந்தை வளராதிருப்பதும் உண்மையாக இருக்கலாம். தண்ணீர், கழிப்பிடம், கை கழுவுதல் ஆகியவை போஷாக்குப் பணியிலிருந்து பிரிக்க முடியாதவை ஆவது இதனால்தான்.

இவை யாவும் அளவின் செம்மையைப் பொறுத்தன. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையைப் பலகையில் மல்லாத்திப் படுக்கவைத்தே அளத்தல் வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்திருக்க, மற்றொருவர் முழங்கால்களை நீட்டி, பாதங்களைத் தட்டோடு பொருத்த வேண்டும். இரண்டு வயதுக்கு மேல் நிற்கவைத்து அளப்பது முறை. படுத்த நிலையில் அளந்த நீளம் நின்ற உயரத்தினும் 0.7 சென்டிமீட்டர் மிகுதியாக இருக்கும் என்று கொள்ளப்படுகிறது. எனவே இரண்டு வயது நிரம்பாத குழந்தையை நிற்கவைத்து அளக்க நேரிட்டால் 0.7ஐக் கூட்டியும், நிரம்பிய குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் 0.7ஐக் கழித்தும் எழுத வேண்டும்.

அங்கன்வாடிகள் 1975இல் தொடங்கப்பெற்ற காலம் முதல் குழந்தைகளை எடை போட்டு வருகின்றன. உயரத்தையும் இன்று பதிவு செய்கின்றன. ஆனால் ஆறு வயதில் குழந்தை பள்ளியில் சேரும்போது இப்பதிவு பெரும்பாலும் அதனோடு செல்வதில்லை. ஆசிரியர் முதல் வகுப்பில் அளக்கும் அளவு அக்குழந்தையின் முதல் அளவுபோல் ஆகிவிடுகிறது. அங்கன்வாடிப் பணியாளரிடமிருந்து ஒரு வயது, மூன்று வயது, ஐந்து வயது அளவுகளைக் கேட்டு வாங்கி அதே ஏட்டில் எழுதிக்கொள்ளுதல், ஓர் ஊர்ப் பள்ளியில் ஒரு பிற்பகல் வேலையே ஆகும்.