கோபுரமில்லாத இடத்தில் விமானங்கள்

கண்டி மாநகருக்கு விமான நிலையம் இல்லை. ஆயினும், மகாவலி கங்கையை மறித்து 1976இல் முடிக்கப்பெற்ற பொல்கொல்லை அணையின் நீர்த்தேக்கத்தில், மிதவை பூட்டிய சிறு விமானங்கள் இறங்கி ஏறியதுண்டு. கட்டுநாயக்காவில் உள்ளதுபோன்ற கட்டுப்பாட்டுக் கோபுரம் அங்கில்லை. உலகெங்கும் எண்ணற்ற சிறு விமானத் தளங்களின் நிலையும் இதுவே. இத்தகைய இடத்தில் இரு விமானங்கள் ஒருங்கே வந்தால், அவை மோதாமற் காப்பது யாது?

முதலாவது, வகுத்த பாதை. இறங்க வரும் விமானம் ஓடுபாதையின் ஒருபுறமாக நீள்சதுர வடிவிற் சுற்றிவந்து, காற்றை எதிர்த்து இறங்கும். வளைவுகள் பெரும்பாலும் இடப்புறமாகவே அமையும்; தலைமை விமானி இடப்பக்க ஆசனத்தில் இருப்பதால் ஓடுபாதை அவர் கண்ணுக்கு மறையாது. யாவரும் ஒரே வழியில் வருவதனால், மற்றவரை எங்கே தேடுவது என்பதும் தெளிவாகின்றது.

இரண்டாவது, முன்னுரிமை விதி. இறங்க வருவனவற்றுள் தாழப் பறப்பதற்கே முதலிடம். அதனைச் சாட்டாகக் கொண்டு பிறர்முன் குறுக்கே புகுதல் ஆகாது. நேருக்குநேர் வந்தால் இரண்டும் வலப்புறம் விலகவேண்டும். வீதியில் இடப்புறம் செல்லும் நம் மாணவர்க்கு இது வியப்பளிக்கலாம்.

மூன்றாவது, வானொலி. தாம் யார், எங்குள்ளார், என்ன செய்யப்போகின்றார் என்பதை ஒவ்வொரு விமானியும் பொது அலைவரிசையில் அறிவிக்கின்றார். ஆயின், அறிவித்தல் மட்டும் போதுமா?

1996 நவம்பர் 19ஆம் நாள், அமெரிக்காவில் இலினோய் மாநிலத்துக் குவின்சி நகரின் கோபுரமில்லா நிலையத்திற் பயணிகள் விமானமொன்று இறங்க வந்தது. குறுக்கிடும் மற்றோர் ஓடுபாதையில் ஒரு கிங் ஏர் விமானம் புறப்பட நின்றது; அதன்பின் ஒரு சிறு விமானம். “கிங் ஏர் காத்திருக்குமா?” என்று இறங்குவோர் வினவினர். விடையளித்தவரோ பின்னால் நின்ற சிறு விமானத்தின் விமானி. அவர் சொல்லின் ஒரு பகுதி எச்சரிக்கை ஒலியில் அமிழ்ந்தது. கிங் ஏரே விடை தந்ததென நம்பி இறங்கினர். அதுவோ புறப்பட்டு ஓடியது. இரு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் நேர்ந்த மோதலில் 14 உயிர்கள் மாண்டன. கிங் ஏரில் இருந்தோர் வானொலியைச் செவ்வனே கேளாமையும், பிற விமானங்களைப் பாராமையுமே தலையாய காரணம் என விசாரணை கண்டது. இடையில் அறுபட்ட அந்த விடையும் துணைக்காரணமாயிற்று.

கடுகண்ணாவை மலைவளைவில் ஹோர்ன் ஒலிக்கும் சாரதியை நாம் அறிவோம். ஒலித்துவிட்டோம் என்று அவர் வேகத்தைக் கூட்டுவதில்லை. எதிரே வருவது யாதென்று காணுமட்டும் அடக்கியே செலுத்துகின்றார். கோபுரமில்லாத இடத்தில் விமானிக்கும் வேண்டுவது அவ்வடக்கமே.