பிள்ளை சவலை பாய்வது ஏன்?

(கணவன் மனைவி இருவரும் சேர்ந்து படிக்கவும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்துக் காட்டவும்.)

“நல்லாத்தான் இருந்தான் நர்சம்மா, திடீர்னு இளைச்சுப் போயிட்டான்.” குழந்தையை எடை போடும் இடத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. காய்ச்சல் ஒரே இரவில் வரலாம். மெலிவு அப்படி வருவதில்லை. அது மாதக் கணக்கில் மெல்ல மெல்ல வருவது. எந்த வீட்டுக் குழந்தைக்கு அது வரக்கூடும் என்று முன்னதாகவே ஓரளவு கண்டுகொள்ளவும் முடியும்.

நம் பெரியவர்கள் இதற்குச் சவலை என்று பெயர் வைத்திருந்தார்கள். கையில் குழந்தை இருக்கும்போதே தாய் மறுபடி முழுகாமல் இருந்தால், கைக்குழந்தை பாலுக்கு ஏங்கி, மெலிந்து, நைநை என்று அழும். அதைத்தான் சவலை பாய்ந்த பிள்ளை என்றார்கள். இதே விஷயத்தை ஆப்பிரிக்காவிலும் தாய்மார்கள் கண்டிருந்தார்கள். இன்று கானா எனப்படும் நாட்டில் வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், கை கால் வீங்கித் தோல் உரிந்து வாடிய குழந்தைகளைப் பற்றி 1933-ல் எழுதினார். அந்த ஊர்த் தாய்மார்கள் வழங்கிய ‘குவாஷியார்கர்’ என்ற பெயரையே 1935-ல் அந்த நோய்க்குச் சூட்டினார். அடுத்த குழந்தை வந்ததும் முந்தைய குழந்தைக்கு வருகிற நோய் என்பது அதன் கருத்து. இரண்டு ஊர்த் தாய்மார்களும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. கண்டறிந்தது மட்டும் ஒன்றே.

நம் தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அப்படியிருந்தும் 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 25 பேர் வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதவர்கள். 22 பேர் வயதுக்கு ஏற்ற எடை இல்லாதவர்கள். ஆகவே, பானையில் சோறு இருப்பது மட்டும் போதாது என்று தெரிகிறது.

இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். தலைப்பிள்ளைக்குப் பத்து மாதம். தாய்க்கு நாள் தள்ளிப் போகிறது. உடனே மாமியார், “இனிமே அந்தப் பால் குடுக்காதே, புள்ளைக்கு ஆகாது” என்கிறார். வேப்பெண்ணெயைத் தடவிப் பாலை மறக்கடிக்கிறார்கள். குழந்தைக்குப் பல் நாலுதான் இருக்கும். பெரியவர்கள் சாப்பிடுகிற ரசஞ்சோறும், டீயில் நனைத்த வறுக்கியும்தான் இனி அதற்கு ஆகாரம். தாய்க்கோ மசக்கை, ஊட்ட உட்கார முடியவில்லை. ஒன்றரை வயதில் தம்பியோ தங்கையோ பிறந்ததும் மடியும் போய்விடுகிறது. பிறந்த குழந்தையும் எடை குறைந்தே பிறக்கிறது. முதல் பேறில் இழந்த இரத்தமும் சத்தும் தாய் உடம்பில் ஊறுவதற்குள் அடுத்ததைச் சுமந்தாள் அல்லவா? ஒரே அவசரத்தில் மூன்று பேர் மெலிகிறார்கள்.

கருவுற்றால் தாய்ப்பால் விஷமாகிவிடும் என்பது தவறு. பால் சற்றுக் குறையலாம், கெட்டுப்போவதில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொன்னாலொழிய, தாய் கூடுதலாகச் சாப்பிட்டுக்கொண்டு பால் கொடுக்கலாம்.

ஆனால் இதற்கு இடம் கொடாமல் இருப்பதே மேல். ஒரு குழந்தை பிறந்து இரண்டு வருஷமாவது கழிந்த பிறகே அடுத்தது தரிக்க வேண்டும். அப்போது இரண்டு பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய மூன்று வயது வித்தியாசம் இருக்கும். “பால் குடுக்கிற வரைக்கும் தங்காது” என்று நம்பி ஏமாந்தவர்கள் அநேகம். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் தவிர வேறொன்றும் தரவில்லை, மாதவிலக்கும் திரும்பவில்லை என்ற மூன்றும் சேர்ந்திருக்கும் வரைதான் அது ஓரளவு காக்கும். இதில் ஒன்று தவறினாலும், விலக்கு வருவதற்கு முன்பே கரு தங்கக்கூடும்.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியிலேயே காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியைப் பால் கொடுக்கும் தாய் ஆறு வாரம் கழித்துத் தொடங்கலாம். சாயா மாத்திரையும் பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்றதே. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. ஆண்களுக்கு ஆணுறை இருக்கிறது. “அது பொம்பளை சமாச்சாரம்” என்று கணவர் ஒதுங்குவது நியாயமில்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் இரண்டு பேரும் போய்க் கேளுங்கள்.

வயிற்றில் இருக்கும்போதே

இருபது வயதுக்கு முன் பிள்ளை பெறுகிறவள் தானே இன்னும் வளர்கிற பெண். அவளுக்கு இரத்தசோகையும் சேர்ந்தால், குழந்தை இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பிறந்தவை, இரட்டைப் பிள்ளைகள், தாயை இழந்த பிள்ளைகள் ஆகியோரை முதல் இரண்டு வருஷம் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும். “நெறையத் தின்னா புள்ள பெருத்துப் பிரசவம் கஷ்டமாயிடும்” என்று கர்ப்பிணியின் சோற்றைக் குறைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு முன்னும் பின்னும்

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீர், ஊர் வழக்கமென்று கழுதைப் பால், தேன் எதுவும் கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தரும் சீம்பாலே முதல் சேனையாக இருக்கட்டும். பால் புட்டி வேண்டவே வேண்டாம். அதைச் சரிவரக் கழுவி எடுப்பது வசதியுள்ள வீட்டிலேயே சிரமம்.

ஆறு மாதம் முடிந்ததும் இன்னொரு தவறு நடக்கிறது. “பல்லு மொளைக்கட்டும்” என்று சிலர் ஒரு வருஷம் வரை வெறும் பாலிலேயே ஓட்டுகிறார்கள். தாய்ப்பால் நல்லதுதான், இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தரலாம். ஆனால் ஆறு மாதத்துக்குப் பின் அது தனியாகப் போதாது. வேறு சிலர் ஊட்டத்தான் செய்கிறார்கள், ஆனால் ஊட்டுவது கஞ்சித் தண்ணீர். குழந்தையின் வயிறு சின்னது. தண்ணீரால் நிறைந்தால் சத்துக்கு இடம் ஏது? கரண்டியைச் சாய்த்தால் கூழ் ஒழுகி ஓடாமல் ஒட்டி நிற்க வேண்டும். அதுதான் பதம். கேழ்வரகுக் கூழோ, குழைந்த பருப்புச் சோறோ, அங்கன்வாடியில் தரும் சத்துமாவோ எதுவானாலும் ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் அல்லது நெய் விட்டுப் பிசையுங்கள். மசித்த முருங்கைக்கீரை, முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் ஒவ்வொன்றாகப் பழக்கலாம். முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும். எட்டு மாதம் வரை நாளுக்கு 2 அல்லது 3 வேளை, ஒன்பதாம் மாதம் முதல் 3 அல்லது 4 வேளை. ஒரு வயதுக்குப் பிறகு இடையில் வாழைப்பழம், வேகவைத்துத் தோல் நீக்கி மசித்த சுண்டல் என்று ஒன்றிரண்டு தடவை கொடுக்கலாம். கடையில் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட் இதில் சேராது. அது பசியை அடக்கிவிடுகிறது, உடம்பை வளர்ப்பதில்லை.

குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். அண்ணன் அக்காவோடு ஒரே தட்டில் உட்கார்ந்தால், வேகமாகத் தின்னத் தெரியாத சின்னதுதான் ஏமாறும். தாய் களை எடுக்கவோ சித்தாள் வேலைக்கோ போய்விட்டால் யார், எத்தனை மணிக்கு, எதை ஊட்டுவது என்று காலையிலேயே முடிவு செய்யுங்கள். ஏழு வயது அக்காளை நம்பிவிட்டுப் போவது ஏற்பாடு ஆகாது. கூலிப் பணம் வீடு வரும் முன் மதுக்கடைக்குப் போனால் முதலில் குறைவது முட்டையும் பருப்பும்தான். தகப்பன்மார்கள் கோபிக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறோம்.

வயிற்றுப்போக்கும் அம்மையும்

பேதியானால் “வயித்தைக் காயப் போடணும்” என்று பட்டினி போடுகிறார்கள். இப்படி நாலு தடவை பேதியும் நாலு தடவை பட்டினியும் கண்ட பிள்ளை எப்படித் தேறும்? தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். செவிலியர் தரும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் கொடுத்து முடிக்கவும். குணமான பின் இரண்டு வாரம், ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள். தட்டம்மை கண்ட குழந்தை உருக்குலைந்து போகும். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 மாதத்துக்கு மேல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று தடுப்பூசி இருக்கிறது.

பட்சி தோஷம் என்று மந்திரிப்பதிலும் தொக்கம் எடுப்பதிலும் கழியும் நாட்கள் குழந்தைக்கு நஷ்டம். கயிறு கட்டுவதை நாங்கள் தடுக்கவில்லை. கட்டின கையோடு எடை போடவும் தூக்கி வாருங்கள்.

எடை போடும் நாள்

மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை ஐந்து மாதத்தில் ஆறு கிலோவும் ஒரு வயதில் ஒன்பது கிலோவும் ஆவது பொதுக் கணக்கு. மாதாமாதம் அங்கன்வாடியில் எடை போட்டு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதம் எடை ஏறாமல் நின்றால், பிள்ளை பார்க்க நன்றாயிருந்தாலும் செவிலியரிடம் காட்ட வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை புஜத்தை நாடாவால் அளப்பார்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே வந்தால் கவனம், 11.5-க்கும் கீழே வந்தால் ஆபத்து.

சில பிள்ளைகள் மெலிவதற்குப் பதில் உப்புவார்கள். “உடம்பு வச்சிருக்கு” என்று வீட்டில் மகிழ்ந்து போகிறார்கள். இரண்டு கால்களின் புறங்காலையும் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்தி எடுத்துப் பாருங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் தாயும் சில நாள் கூடவே தங்க நேரிடும். வீட்டிலிருக்கும் மற்ற பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போடும் பொறுப்பைத் தகப்பனார் ஏற்றுக்கொண்டு அவளை அனுப்பிவைக்க வேண்டும்.