வெள்ளரிக்காயும் மாங்கோதான்

குருநகரில் விளைமீன் சொதிக்கு மாங்காய் போடுவதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காயின் பெயர் கப்பலேறிப் போய்ப் பட்ட பாடு மட்டும் பலருக்குத் தெரியாது.

1498இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்திறங்கிய போர்த்துக்கேயர் தமிழரின் மாங்காயையும் மலையாளத்தாரின் மாங்ஙாவையும் காதில் வாங்கி 'மங்கா' என்றார்கள். (பின்னாளில் குருநகருக்குப் பக்கத்திலேயே யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டியவர்களும் இவர்கள்தான்.) ஆங்கிலேயர் வாயில் அது 'மாங்கோ' ஆயிற்று. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் மாமரத்துக்கு வைத்த 'மாஞ்சிஃபெரா இண்டிகா' என்ற பெயருக்குள்ளும் அந்த மங்கா இருக்கிறது.

பெயர் போய்ச் சேர்ந்தது, பழம் போகவில்லை. மாதக்கணக்கான பாய்க்கப்பல் பயணத்தில் எந்த மாம்பழம் தாங்கும்? உப்பிலும் வினாகிரியிலும் ஊறிய காய்தான் இங்கிலாந்தில் கரையிறங்கியது. கருவாட்டை மட்டுமே கண்டவன் மீனென்றாலே காய்ந்தது என்று நினைப்பதுபோல, ஊறவைத்த எதுவும் மாங்கோதான் என்று அங்குள்ளவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஆங்கில எழுத்தாளர் ஜோன் ஈவ்லின் 1699இல் வெளியிட்ட 'அசெட்டாரியா' என்ற நூலில் வெள்ளரிக்காய் மாங்கோவுக்கு ஒரு குறிப்பு உண்டு. பெரிய பச்சை வெள்ளரியைக் கீறி, விதையை வழித்தெடுத்து, உள்ளே ஒரு பல் உள்ளி வைத்து, மிளகும் கராம்பும் சேர்த்து வினாகிரியில் போடவேண்டும். மாங்காய் மருந்துக்கும் இல்லை! பிறகு முலாம்பழம், பீச் எல்லாம் மாங்கோ ஆயின. ஊறுகாய் போடுவதற்கே 'மாங்கோ' என்ற வினைச்சொல்லும் வந்தது.

இவ்வளவு ஆசையாக அவர்கள் போலிசெய்த கைவேலையை நாம்தான் கைவிட்டு வருகிறோம். சோளகம் அடித்தால் கறுத்தக் கொழும்பான் பிஞ்சுகள் வளவெல்லாம் கொட்டுகின்றன. உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு சாடியும் போதும். ஆனாலும் அவை கிடந்து அழுக, ஊறுகாய்ப் போத்தல் கடையிலிருந்து வருகிறது.

அது கிடக்க, ஆங்கிலேயரோடு அமெரிக்கா போன 'மாங்கோ' என்ற சொல் அங்கே இன்னொரு குத்துக்கரணம் அடித்தது. குடைமிளகாயைக் குடைந்து, உள்ளே அடைத்து ஊறவைத்தவர்கள் அதையும் மாங்கோ என்றார்கள். ஓஹாயோ, இந்தியானா பக்கங்களில் கடைசியில் பச்சைக் குடைமிளகாய்க்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கியது. அப்பகுதிப் பழைய சமையற் புத்தகம் ஒன்று கனடாவிலிருக்கும் நம்மவர் கையில் அகப்பட்டால் கவனம்: அதிலே 'அடைத்த மாங்கோ' என்று கண்டு, நல்ல மாம்பழத்துக்குள் இறைச்சியும் சோறும் திணித்துவிட வேண்டாம்.