வேப்பமரத்துக் குழாயில் காருகுறிச்சி

எழுபதுகளில் சிவகிரியில் கல்யாணம் என்றால் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட்டுதான். வேப்பமரக் கிளையில் குழாயைக் கட்டி, மலையைப் பார்க்கத் திருப்பிவிடுவார்கள். விடிவதற்கு முன்பே செட்டுக்காரர் பெட்டியைத் திறந்து எடுக்கும் முதல் தட்டு, பெரும்பாலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரம். ஊசி பட்டதும் ஒரு கரகரப்பு. பிறகு தெருத்தெருவாக ஊர் கண்விழிக்கும்.

அவர் 1964இலேயே காலமாகிவிட்டார் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. எங்கள் தெருக் கல்யாணத்துக்கெல்லாம் தவறாமல் வந்து வாசிக்கிறவர் உயிரோடு இல்லை என்று எந்தச் சிறுவனுக்கும் தோன்றாது.

சேரன்மாதேவி பக்கத்துக் காருகுறிச்சிதான் அவர் ஊர். அவர் வாழ்க்கை திரும்பியதே தற்செயலாகத்தான் என்பார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அந்தப் பக்கம் வாசிக்க வந்த நாளில், உடன் வாசிப்பவர் வரவில்லையாம். உள்ளூர் இளைஞர் அருணாசலத்தை உட்காரவைத்தார்கள். கேட்ட பிள்ளைக்குப் பிடித்துப்போய், சீடராகவே சேர்த்துக்கொண்டார். அன்று வரவேண்டியவர் வந்திருந்தால், 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இழைந்த அந்த நாகசுரம் நமக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ.

இப்போது சிவகிரி தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. கல்யாணம் மண்டபத்துக்குள் போய்விட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியே ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டு விதிகள். வேண்டிய கட்டுப்பாடுதான், குழாய்ச் சத்தத்தில் நோயாளிகளும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். செல்போனில் எந்நேரமும் காருகுறிச்சியைக் கேட்கலாம், பெயரைத் தட்டித் தேடினால். பெயரே தெரியாத பிள்ளை எதைத் தட்டும்? நாங்கள் அவரைத் தேடிப் போனதே இல்லை. தூங்கிக் கிடந்த எங்களிடம் அவர்தான் வந்தார்.

அக்கா கல்யாணத்தன்று, சிங்கப்பூர் மாமா கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில் பதிந்த கேசட் ஒன்று வீட்டில் இருக்கிறது. தூரத்தில் குழாய் பாடிக்கொண்டிருக்க, பக்கத்தில் ஆச்சியின் குரல்: “ஏலே, எந்திரில. விடிஞ்சிட்டு.” நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆச்சி என்னை எழுப்பிய குரல் எனக்கு அது ஒன்றில்தான் மிச்சம்.

அண்மையில் அதைச் செல்போனுக்கு மாற்றிப் பேத்திக்குப் போட்டுக் காட்டினேன். ஆச்சியைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

“பின்னால வாசிக்கிறது யாரு தாத்தா?” என்றாள்.