காரைப் பிரிக்கும் முன் புத்தகத்தைப் பிரியுங்கள்!

சாகுபுரம்,

தூத்துக்குடி–திருச்செந்தூர் சாலையில் ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் பக்கத்தில் இருக்கிறது சாகுபுரம். உப்பளம், ரசாயன ஆலை, கூப்பிடு தூரத்தில் கடல். இங்கே கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே எதிரி.

அது துரு!

ஈரக்காற்றில் உப்பும் சேர்ந்தால் இரும்பு தாங்காது. கதவின் அடிப்பாகம் பொத்தல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். டிங்கரிங் பார்த்து பெயிண்ட் அடித்துவிடலாம். ஆனால் காருக்கு அடியில் ஓடும் பிரேக் குழாயும் இரும்பு ரகம்தான். அது அரித்துப் போவது யார் கண்ணிலும் படாது. ஒரு நாள் பெடலை மிதித்தால் கால் தரை வரைக்கும் போகும். கார் நிற்காது!

வயதான கார்கள்

பிரீமியர் பத்மினி போய் 20 வருஷத்துக்கு மேல் ஆச்சு. அம்பாசடரும் மாருதி 800-ம் 2014-ல் உற்பத்தி நின்றன. அவற்றின் நாடி தெரிந்த மெக்கானிக்குகளுக்கும் வயதாகிவிட்டது. புதுப் பையன்களோ கம்ப்யூட்டரை மாட்டித்தான் வியாதியைக் கண்டுபிடிக்கிறார்கள். கார்புரேட்டரைக் காட்டினால் முழிக்கிறார்கள்.

காருக்கு 15 வயது முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2025-ல் இன்னும் ஏற்றினார்கள். பணம் கட்டினால் மட்டும் போதாது. வண்டி ஓட்டத் தகுதியாக இருக்க வேண்டும். அதனால் பலர் "நம்ம வண்டியை நாமே பார்ப்போம்" என்று ஸ்பானரைத் தூக்குகிறார்கள்.

ஸ்பானருக்கு முன்னால் ஒரு புத்தகம் வேண்டும். எந்தப் புத்தகம்? ஏமாறுவது இங்கேதான்.

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணாச்சி!"

கார் வாங்கும்போது டாஷ்போர்டில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். டயருக்கு எவ்வளவு காற்று, பல்பை எப்படி மாற்றுவது என்று சொல்லும். அவ்வளவுதான். ரிப்பேருக்கு வேண்டியது 'ஒர்க்‌ஷாப் மானுவல்'. எந்த நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், எங்கே எவ்வளவு இடைவெளி, எதை முதலில் கழற்றி எதைக் கடைசியில் மாட்டுவது என்ற கணக்கெல்லாம் அதில்தான்.

"எல்லா வண்டியும் ஒண்ணுதான் அண்ணாச்சி!" என்று பட்டறையில் சொல்வார்கள். நம்பினால் கெட்டது போங்கள்!

பழைய பெட்ரோல் அம்பாசடரில் நாலு சிலிண்டர். தீப்பொறி 1-3-4-2 என்ற வரிசையில் போக வேண்டும். மாருதி 800-ல் மூன்றே சிலிண்டர்; வரிசை 1-3-2. பிளக் ஒயரை மாற்றிச் சொருகினால் எஞ்சின் 'டப் டப்' என்று வெடிக்கும், கார் நகராது.

அடுத்தது நட்டு. அம்பாசடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காருக்குப் பிறந்த பிள்ளை. அதில் அங்குலக் கணக்கு. மாருதியோ ஜப்பான் சுசூகி வழி, மில்லிமீட்டர். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். அதில் 13-ம் நம்பர் ஸ்பானரைப் போட்டால் உட்காருகிற மாதிரிதான் இருக்கும். அழுத்தி முறுக்கினால் வழுக்கும், நட்டின் மூலை தேய்ந்துவிடும். துருப்பிடித்த நட்டு என்றால் கேட்கவே வேண்டாம். உளியும் சுத்தியலும்தான் கதி!

பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறாக இருக்கலாம். 1990-களில் அம்பாசடருக்கு இசுசூ எஞ்சின் வந்தது. 2000 வாக்கில் மாருதி 800-ல் கார்புரேட்டர் போய் எம்.பி.எப்.ஐ. வந்தது. ஆகவே புத்தகத்தின் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. வருஷத்தையும் எஞ்சினையும் பார்க்க வேண்டும்.

அக்கரையில் பிறந்தவர்

இந்த ரகப் புத்தகத்தை உலகம் முழுக்க வீட்டுக்கு வீடு கொண்டு போனவர் ஜான் ஹேன்ஸ். தூத்துக்குடிக்கு அக்கரையான இலங்கையில் 1938-ல் பிறந்தவர்! அப்பா தேயிலைத் தோட்ட நிர்வாகி. ஜான் இங்கிலாந்தில் படித்து விமானப் படையில் சேர்ந்தார். ஏடனில் இருந்தபோது நண்பரின் 'ஸ்பிரைட்' கார் எஞ்சினைப் பிரித்தார். கம்பெனிப் புத்தகம் சாதாரண ஆளுக்குப் புரிகிற மாதிரி இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் படம் பிடித்து, 1966-ல் தானே புத்தகம் போட்டார்.

காரை முழுசாகப் பிரித்து, மறுபடி மாட்டிப் பார்த்து எழுதுவது அவர் வழி. மேஜையில் உட்கார்ந்து எழுதியது அல்ல. அதுதான் ரகசியம். 2019-ல் காலமானார்.

எங்கே கிடைக்கும்?

ஒரு காலத்தில் பழைய புத்தகம் என்றால் சென்னை மூர் மார்க்கெட். 1985 மே மாதம் அது எரிந்து போனது. பிறகு கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. எண்ணெய்க் கறையோடு பழைய மானுவல் கண்ணில் பட்டால் விடாதீர்கள். சுத்தமான புத்தகத்தைவிட அது மேல். யாரோ நிஜமாகவே வேலை பார்த்திருக்கிறார்கள்!

ஆங்கிலம் வராதவர்களுக்கும் வழி உண்டு. சென்னை கிண்டியில் உள்ள 'நிமி' என்ற மத்திய அரசு நிறுவனம் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு மோட்டார் மெக்கானிக் பாடப்புத்தகம் போடுகிறது. தமிழிலும் போடுகிறார்கள். கிளட்ச் என்ன, கியர் எப்படி என்று அடிப்படை புரியும். ஆனால் குறிப்பிட்ட காரின் கணக்கு அதில் இருக்காது. அதற்கு மானுவல்தான்.

செல்போனில் தேடினால் ஸ்கேன் செய்த மானுவல்கள் கொட்டுகின்றன. சும்மா கிடைக்கிறதே என்று இறக்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டு மாடலுக்கு எழுதியதை உள்ளூர் காரில் போட்டுப் பார்த்தால் ஆபத்து.

முதலில் பிரேக் பக்கம்

புத்தகம் நல்லதா என்று பார்க்க ஒரு சோதனை: நேராக பிரேக் அத்தியாயத்தைத் திறக்க வேண்டும். குழாய் எந்த வழியாக ஓடுகிறது என்று படம் இருக்கிறதா? எந்த பிரேக் ஆயில்? ஏர் எடுக்கும்போது எந்தச் சக்கரத்தில் ஆரம்பிப்பது? பல கார்களில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரம்தான் முதலில். சில கார்களில் வரிசை வேறு. இது இல்லாத புத்தகத்துக்கு ஐந்து ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, ஸ்டாண்டு போடு என்று சொல்லாத புத்தகத்தையும் வைத்துவிடலாம். ஜாக்கி நழுவினால் மேலே விழுவது முக்கால் டன், ஒரு டன் இரும்பு!

நல்ல மானுவல் கையில் இருந்தாலும் பிரேக் வேலை முடிந்ததும் அனுபவஸ்தர் ஒருவரிடம் காட்டிவிட்டுத்தான் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டும். முதல் ஓட்டம் திருச்செந்தூர் சாலையில் வேண்டாம். வீட்டு வாசலில் மெல்ல உருட்டி, பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொன்று, புத்தகத்தைக் கார் ஷெட்டில் போட்டு வைத்தால் உப்புக் காற்றில் நமத்துப் போகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்குள் வைக்க வேண்டும். வேண்டிய பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போகலாம்.