அந்த ஆண் எங்கே?

சென்ற மாதம் ஓர் இரவு நிகழ்ச்சி. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது கிள்ளானிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். பாட்டுக் கேட்கத்தான் என்று நினைத்தேன்.

"பேரைச் சொல்லிடாதீங்க தம்பி" என்று ஆரம்பித்தார். கல்யாணமாகாத மகள் கர்ப்பமாக இருக்கிறாள். சபை மூப்பர்கள் அவளைக் கூப்பிட்டு, விபச்சாரம் பற்றிய வசனங்களை வாசித்துக் காட்டி, பாடகர் குழுவிலிருந்தும் நிறுத்திவிட்டார்களாம். "அந்தப் பையனும் அதே சபைதான் தம்பி. அவன் இன்னும் கித்தார் வாசிக்கிறான்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "பிரார்த்தனை பண்ணுங்கம்மா" என்று சொல்லி, அடுத்த பாட்டைப் போட்டுவிட்டேன்.

மனம் கேட்கவில்லை. அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸில், ஞாயிறுப் பள்ளியில் எனக்குப் பாடம் நடத்திய ஐயாவைப் பார்த்தேன். தே தாரிக் வருவதற்குள் கேட்டார்: "யோவான் 8ஆம் அதிகாரம் தெரியுமில்ல? அங்க யாரக் காணோம்னு பாரு."

விபச்சாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் இழுத்து வந்த கதை. கையும் களவுமாகப் பிடித்ததாகச் சொல்கிறார்கள். அப்படியானால் அந்த ஆண் எங்கே? லேவியராகமம் 20:10, உபாகமம் 22:22 இரண்டுமே ஆண், பெண் இருவருக்கும் ஒரே தண்டனை என்கின்றன. சட்டத்தைக் காட்டி வந்தவர்களே சட்டத்தில் பாதியை மறைத்துவிட்டார்கள்.

முதல் கல்லும் அப்படித்தான். உபாகமம் 17:7இன்படி, சாட்சி சொன்னவரே முதலில் தண்டனையை நிறைவேற்ற வேண்டும். பாவமில்லாதவன் முதலில் எறியட்டும் என்று இயேசு சொன்னபோது, மோசேயின் சட்டத்தை அவர் ஒதுக்கவில்லை. அதை அந்தச் சாட்சிகள் பக்கமே திருப்பினார்.

ஐயா இன்னொன்றும் சொன்னார். 4ஆம் நூற்றாண்டின் சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் பகுதியே இல்லை. பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்பது இன்றைய அறிஞர்கள் பலரின் கருத்து. புனித அகுஸ்தீனோ, மனைவிமார் துணிந்துவிடுவார்கள் என்று பயந்த சில ஆண்கள் இதை நீக்கியிருக்கலாம் என்று எழுதினார். அப்போதே அந்தப் பயம் இருந்திருக்கிறது!

"அப்படின்னா தப்பே இல்லையா ஐயா?" என்றேன்.

"அப்படி யாரு சொன்னா? இனிப் பாவம் செய்யாதேன்னு சொல்லித்தான் அனுப்புறார். ஆனா கல்லெல்லாம் கீழ விழுந்த பிறகுதான் அதைச் சொல்றார். நாம கல்லக் கையில வச்சிக்கிட்டே புத்தி சொல்றோம்."

அந்த அம்மாவின் எண் என்னிடம் இல்லை. இதைப் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அம்மா, உங்கள் மகளுக்கு வசனம் வாசித்தவர்களிடம், அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசினீர்களா என்று கேளுங்கள். அவன்மேலும் கல்லெறிவதற்காக அல்ல. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவனும் பொறுப்பாளி.

அன்று பாட்டுப் போட்டுத் தப்பித்ததற்கு என்னை மன்னியுங்கள்.