பழைய காருக்கு புளூடூத் டிஸ்ட்ரிபியூட்டர்: என்ன செய்யும், எங்கே கவிழ்க்கும்?

வீட்டில் ஒரு பழைய அம்பாசடரோ பத்மினியோ இருந்தால் இந்தப் பேச்சு உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கும்: "டைமிங் தள்ளிப் போயிருக்கு சார், திருப்பி வெச்சிருக்கேன், ஓட்டிப் பாருங்க." மெக்கானிக் பானெட்டைத் திறப்பார். கிளாம்ப் போல்ட்டை லூஸ் செய்து, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நூல் அளவு திருப்பி, காதால் கேட்டு, மறுபடி டைட் செய்வார். கொஞ்ச நாள் வண்டி ஜோராக ஓடும். பிறகு மறுபடி அதே கதை.

இந்தத் தலைவலிக்கு ஒரு மாற்று வந்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் அதே பழைய டிஸ்ட்ரிபியூட்டர்தான். அதே வட்டமான உடம்பு, அதே மாதிரி கேப், அதே வயர்கள். உள்ளே மட்டும் பாயிண்ட்டும் ஸ்பிரிங்கும் கிடையாது. ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. நெதர்லாந்தின் '123 இக்னிஷன்' இந்த வகையில் நன்றாக அறியப்பட்ட பெயர். அவர்களுடைய 'ட்யூன் பிளஸ்' மாடலை செல்போனில் புளூடூத் வழியாகவே செட் செய்யலாம். 60 வயது காரின் டைமிங்கை ஆப்பில் மாற்றலாம் என்பது கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் ஆப்பில் எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் பிஸ்டனின் ஆயுளே இருக்கிறது.

முதலில், டைமிங் என்றால் என்ன?

பிளக்கில் பொறி வந்தவுடன் பெட்ரோல் மொத்தமும் ஒரே நொடியில் வெடித்துவிடுவதில்லை. தீ பரவ நேரம் பிடிக்கும். மில்லி விநாடிக் கணக்குதான் என்றாலும் எஞ்சினுக்கு அது பெரிய நேரம். 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் ஒரு மில்லி விநாடிக்குள் கிராங்க் 4.8 டிகிரி திரும்புகிறது. 3,000 ஆர்பிஎம்மில் அதே நேரத்தில் 18 டிகிரி திரும்பிவிடும். எரிந்த வாயுவின் அழுத்தம் உச்சத்துக்கு வர வேண்டியது, பிஸ்டன் மேலே போய்த் திரும்பி இறங்கத் தொடங்கிய சற்று நேரத்தில். அப்படியானால் வேகம் கூடக்கூடப் பொறியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இதைத்தான் 'அட்வான்ஸ்' என்கிறார்கள். எந்த வேகத்துக்கு எத்தனை டிகிரி என்று வரைந்தால் கிடைக்கும் கோடுதான் அட்வான்ஸ் கர்வ்.

பழைய டிஸ்ட்ரிபியூட்டர் இதை எலக்ட்ரானிக்ஸே இல்லாமல் செய்தது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமான சாமான்தான். ஷாஃப்ட்டோடு சுற்றும் இரண்டு எடைக்கட்டிகள் வேகம் கூடும்போது வெளியே விரிந்து, ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு, பொறியை முன்னே தள்ளும். பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டையான டப்பா வேக்குவம் யூனிட். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்துச் சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, எரிவதும் மெதுவு. அப்போது இது கூடுதலாக அட்வான்ஸ் கொடுக்கும். ஏற்றத்தில் முழுதாக மிதித்தால் வேக்குவம் விழுந்துவிடும், அந்தக் கூடுதலும் தானாகவே விலகிக்கொள்ளும். காயில் கரண்டைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் வேலை சி.பி. பாயிண்ட்டுடையது. 1910 வாக்கில் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் காடிலாக் கார்களுக்காக உருவாக்கிய இந்த முறைதான், பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கக் கார்களை ஓட்டியது.

சென்னைக்காரர்களுக்கு லூகாஸ் என்றால் முதலில் பாடி பஸ் ஸ்டாப்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த நிறுத்தத்துக்குப் பெயர் கொடுத்த லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலை, 1960-களிலிருந்து இந்திய வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் சாமான்கள் செய்துவருகிறது. பிரிட்டிஷ் கார்களில் இருந்த லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரின் வாரிசுகளைத்தான் நம்மூர் வண்டிகளின் பானெட்டுக்குள் பார்க்கிறோம். அம்பாசடரில் வந்த 1489 சிசி எஞ்சினும் பிரிட்டனின் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி எஞ்சினும் ஒரே 'பி-சீரிஸ்' குடும்பம். அதனால் எம்ஜிபி வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் கற்ற பாடங்களில் பல நமக்கும் பொருந்தும்.

தேய்மானம் எங்கே?

நாலு சிலிண்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் பாயிண்ட் விநாடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 3,60,000 முறை. பாயிண்ட்டின் ஃபைபர் முனை கேம் மேல் உரசி உரசித் தேயும்; கேப் குறையும்; பொறி தாமதமாகும். மெக்கானிக் மாதா மாதம் 'திருப்பி வைப்பது' பெரும்பாலும் இதைத்தான்.

அதையாவது உப்புத்தாளும் ஃபீலர் கேஜும் வைத்துச் சமாளித்துவிடலாம். கஷ்டம் மற்ற மூன்றில். ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொறி வெவ்வேறு நேரத்தில் வரும். ஸ்பிரிங் தளர்ந்தால் அட்வான்ஸ் சீக்கிரமே வந்து ஏற்றத்தில் எஞ்சின் 'டிங் டிங்' என்று தட்டும். வேக்குவம் யூனிட்டின் ரப்பர் டயஃப்ரம் கிழிந்தால் மைலேஜ் அடிவாங்கும். கிழிந்தது வெளியே தெரியாது என்பதால் பலரும் இதைப் பார்ப்பதே இல்லை. குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்து, நாக்கு முனையால் அடைத்தால் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் யூனிட் போய்விட்டது.

புதிய டிஸ்ட்ரிபியூட்டரில் இந்த நான்குக்கும் வேலை இல்லை. ஷாஃப்ட் எங்கே இருக்கிறது என்பதைச் சென்சார் பார்க்கிறது. இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை இன்னொரு சென்சார் அளக்கிறது. பொறி எப்போது என்பதைச் சிப் கணக்கிடுகிறது. காயிலுக்கு எவ்வளவு நேரம் கரண்ட் கொடுக்கலாம் என்பதையும் அதுவே பார்த்துக்கொள்வதால் குளிர்ந்த காலையில் ஸ்டார்ட்டிங்கும் நன்றாகிறது. ரெவ் லிமிட் வைக்கலாம். போனிலிருந்தே இக்னிஷனைப் பூட்டி வைக்கலாம். கதவுப் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் திறந்துவிடக்கூடிய காருக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, எந்த எண்?

இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும். தேய்ந்த ஸ்பிரிங் தப்பு செய்தால் கொஞ்சமாகச் செய்யும். சிப் அப்படியில்லை. நீங்கள் கொடுத்த தப்பான எண்ணை அச்சுப் பிசகாமல், ஒவ்வொரு பொறியிலும் நிறைவேற்றும்.

முதல் பொறி, டிகிரிக் கணக்கு. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று. பழைய லூகாஸ் டேட்டாவில் எண்கள் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கில் இருக்கும். ட்யூன் மாடலின் ஆப் கேட்பது கிராங்க் கணக்கு. "1,100 ஆர்பிஎம்மில் 10 டிகிரி" என்று மேனுவலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது டிஸ்ட்ரிபியூட்டர் கணக்கு என்றால் ஆப்பில் போட வேண்டியது 2,200 ஆர்பிஎம்மில் 20 டிகிரி. இரண்டையும் இரட்டிப்பாக்க வேண்டும், ஒன்றை மட்டும் அல்ல. இரட்டிப்பாக்க மறந்தால் வண்டி இழுக்காது, சூடாகும். ஏற்கெனவே கிராங்க் கணக்கில் இருப்பதை மறுபடி இரட்டிப்பாக்கினால் இன்னும் மோசம்.

இரண்டாவது பொறி, ஸ்டாட்டிக் அட்வான்ஸ். பழைய டிஸ்ட்ரிபியூட்டரை வைக்கும்போதே, உதாரணமாக 10 டிகிரி முன்னே திருப்பி வைப்பார்கள். எடைக்கட்டிகள் தரும் 20 அதோடு சேர்ந்து மொத்தம் 30. ட்யூன் மாடலையோ டாப் டெட் சென்டரில் சரியாகப் பொருத்த வேண்டும். அந்த 10-ம் ஆப்பில் போடும் கர்வுக்குள்ளேயே வந்துவிட வேண்டும். பழைய பழக்கத்தில் உடம்பையும் 10 திருப்பி, கர்விலும் 30 போட்டால் எஞ்சினுக்குக் கிடைப்பது 40.

40 டிகிரி கிடைத்தால் என்ன ஆகும்? பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். மீதிக் கலவை சூட்டில் தானாகவே வெடிக்கும். நாம் நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றத்தில் வந்தால் காதுக்குக் கேட்கும், காலை எடுத்துவிடுவோம். பைபாஸில் 90-ல் போகும்போது காற்றுச் சத்தமும் எஞ்சின் இரைச்சலும் அதை மூடிவிடும். தொடர்ந்து நடந்தால் ஹெட் கேஸ்கட் போகலாம், பிஸ்டன் தலையில் ஓட்டையே விழலாம். இன்றைய கார்களில் நாக் சென்சார் இருக்கிறது. தட்டினால் தானாகவே டைமிங்கைப் பின்வாங்கும். டிஸ்ட்ரிபியூட்டர் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் உங்கள் அம்பாசடரில் அந்தக் காது கிடையாது.

அதனால் என் யோசனை: முதல் நாளே 'பவர் கர்வ்' தேட வேண்டாம். உங்கள் எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்த கர்வையே கிராங்க் கணக்கில் மாற்றி, அதைவிட இரண்டு டிகிரி குறைத்துத் தொடங்குங்கள். டைமிங் லைட்டை வைத்து, ஆப் காட்டுவதும் கிராங்க் புல்லியில் தெரிவதும் ஒன்றா என்று பாருங்கள். இந்த ஒரு சோதனையில் மேலே சொன்ன இரண்டாவது பொறி அகப்பட்டுவிடும். பிறகு ஒரே ஏற்றம், ஒரே கியர், ஒரே வேகம் என்று வைத்துக்கொண்டு, முழு பாரத்தில் ஒவ்வொரு டிகிரியாக ஏற்றிப் பார்க்கலாம். லேசாகத் தட்டும் சத்தம் வந்தால் இரண்டு மூன்று டிகிரி இறக்கி நிறுத்திவிட வேண்டும். போனைக் கையில் வைத்திருப்பது பக்கத்து சீட்டில் இருப்பவராக இருக்கட்டும்.

இது தீர்க்காத விஷயங்கள்

கார்புரேட்டர் தேய்ந்திருந்தால், வால்வ் சரியாக உட்காரவில்லை என்றால், கம்ப்ரஷன் விழுந்திருந்தால், புதிய டிஸ்ட்ரிபியூட்டர் உதவாது. சுமாரான எஞ்சினில் நல்ல பொறி, அவ்வளவுதான். அதோடு, இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டரில் கலவை மெலிந்துவிடும். அதற்கு மருந்து ஜெட்டிலும், பெட்ரோலில் ஊறி வீணாகும் பழைய ரப்பர் குழாய்களை மாற்றுவதிலும் இருக்கிறது. டைமிங்கை மட்டும் நோண்டினால் நோய் மறையும், போகாது.

மாட்டும்போது சில எலக்ட்ரிகல் விஷயங்களும் உண்டு. 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். நெகட்டிவ் எர்த்துக்கான யூனிட்டை அதில் மாட்டினால் சிப் அந்த நொடியே போய்விடும். காப்பர் கம்பி பிளக் வயரை எடுத்துவிட்டு ரெசிஸ்டிவ் வயர் போட வேண்டும். இல்லையென்றால் பொறியின் மின் இரைச்சல் சிப்பைக் குழப்பும். டைனமோவும் பழைய ரெகுலேட்டரும் இருக்கும் வண்டியில் வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை முதலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். யூனிட்டின் அடிப்பாகமும் டிரைவ் முனையும் உங்கள் எஞ்சினுக்குப் பொருந்துமா என்று பழையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகே ஆர்டர் போடுங்கள்.

காசு? ஐரோப்பாவிலேயே சில நூறு யூரோ. அதன் மேல் சுங்க வரி. வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டி, டிஸ்ட்ரிபியூட்டர் புஷ்ஷும் நன்றாக இருக்கிறது என்றால், நல்ல பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர் போட்டு ஒழுங்காக செட் செய்தாலே போதும் என்பது என் கருத்து. பாயிண்ட்டுக்குப் பதிலாக மட்டும் மாட்டும் எலக்ட்ரானிக் கிட்டும் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஆனால் அது பாயிண்ட் தேய்மானத்தை மட்டும்தான் ஒழிக்கும். எடைக்கட்டி, ஸ்பிரிங், வேக்குவம் எல்லாம் பழையபடியே இருக்கும். ஷாஃப்ட் ஆடுகிற டிஸ்ட்ரிபியூட்டரில் அதை மாட்டுவது பாதி வேலை. ஷாஃப்ட் ஆடுகிறது, வேக்குவம் போய்விட்டது, ஹெட்டைச் செதுக்கிக் கம்ப்ரஷனை ஏற்றியிருக்கிறீர்கள், வண்டியும் நிறைய ஓடுகிறது என்றால்தான் புரோகிராமபிள் யூனிட்டுக்குக் கொடுக்கும் காசு கணக்குக்கு வரும்.

50 வருஷத்தைத் தாண்டிய கார்களை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எண் பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வருவது இந்த வண்டிகளுக்குத்தான். வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது என்பது நிபந்தனை. டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு கிளாம்ப்பில் கழன்று வரும் சாமான் என்றாலும், அந்தப் பதிவுக்குப் போகிறவர்கள் பழைய யூனிட்டைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டாம்.

அதை வைத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. பாயிண்ட் செட் மக்கர் செய்தால் விழுப்புரத்திலோ ஆத்தூரிலோ சாலையோர ஷெட்டில் அரை மணியில் ஓட வைத்துவிடுவார்கள். சிப் போனால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. பழைய டிஸ்ட்ரிபியூட்டரைச் சுத்தம் செய்து, பாயிண்ட் கேப் வைத்து, கேப்போடும் பழைய வயர் செட்டோடும் துணியில் சுற்றி டிக்கியில் போட்டுவையுங்கள். ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், எந்த வயர் எந்த சிலிண்டருக்கு என்பதைப் போட்டோ எடுத்து போனில் சேமித்தும் வைத்துக்கொள்ளுங்கள். பி-சீரிஸுக்கு வரிசை 1-3-4-2.